விடுபட்ட கால்

“நோயாளி தரும் வாக்குமூலம் அவர் பேசிய மொழியிலேயே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். எழுதியது வாசித்துக் காட்டப்பட வேண்டும். அதன் பின்னரே அது வேறு மொழிக்கு மாற்றப்படலாம். மாற்றியதை அனுப்பும்போது மூலத்தின் பிரதியும் உடன் இணைக்கப்பட வேண்டும்.”

விதி இதுதான். நல்ல விதி. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘நோயாளி’ என்ற இடத்தில் ‘முறைப்பாட்டாளர்’ என்று போட்டால் இதே விதியை எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லியிருக்கிறேன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை, விதிப் புத்தகத்தின் உட்பிரிவுபோல, ‘உபபந்தி’ என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த விதியின் நாலு வசனங்களில் ஏதாவது ஒன்று கைக்கொள்ளப்பட்டிருந்தால் நான் இதைக் கட்டிலில் சாய்ந்து கிடந்து எழுதமாட்டேன். கதிரையில் இருந்து எழுதுவேன்.

நோய் சப்பாத்தில் தொடங்கியது. ஓய்வு பெற்று இரண்டாம் வருடம், இடது சப்பாத்தின் முனை மட்டும் தேய்ந்துபோனது. பட்டணத்தில் சப்பாத்துத் தைக்கிறவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த வயசில கல்லு உதைச்சு விளையாடுறீங்களோ?” என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. பிறகு உப்புவெளி வீதியில் நடக்கும்போது இடது கால் பலகைபோல் நிற்கத் தொடங்கியது. மடங்க வேண்டிய இடத்தில் மடங்காது. நிலாவெளி பஸ்ஸில் ஏறும்போது கையால் தூக்கிப் படியில் வைக்க வேண்டியிருந்தது. சில மாதங்களில் வலது காலும் இடதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. நடந்தால் இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று உரசி, கத்தரிக்கோல்போல் குறுக்கே போயின.

என் மனைவி மங்களம் சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லி என்ற கிராமத்தில் கரைவலைக்காரர் வீட்டுப் பெண். அவளுடைய தம்பி தம்பையா இப்போதும் வலை போடுகிறவன். அவன் ஒருநாள் என் காலை மடக்கிப் பார்க்க முயன்று, முடியாமல், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“அக்கா, அத்தான்ர கால் இரும்பு. என்னாலயே மடக்க ஏலாது.”

“இவ்வளவு நாளும் கந்தோர்க் கதிரையில சேமிச்ச பலம்,” என்றாள் மங்களம்.

வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரு சந்தோசம். வயதானவருக்குக் கால் சோரத்தானே வேண்டும், இவருக்குப் பலம் கூடுகிறது. அந்தச் சந்தோசத்தை இப்போது நினைத்தால் எனக்குக் குளிர்கிறது.

துறைமுகத்துக்கு மேலே, வெள்ளைக்காரன் தன் கப்பற்காரர்களுக்காகக் கட்டிவிட்டு விட்டுப்போன கட்டடம் ஒன்றில் அப்போது ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. மேட்டு ஆஸ்பத்திரி என்போம். இப்போது இல்லை. அதன் வெளிவாங்கில் காத்திருப்பவர்களுக்குக் கடல் நன்றாகத் தெரியும். வேறொன்றும் தெரியாது. நம்பர் துண்டு கொடுப்பவர், கூப்பிடுபவர், கூப்பிட்டதும் “இப்ப இல்லை” என்பவர் என மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு அது பழகிய ஒழுங்கு. வாங்கின் இந்தப் பக்கத்தில் இருந்து பார்ப்பது மட்டும்தான் புதிது.

என்னைச் சோதித்தவர் கண்டிப் பக்கத்து இளம் சிங்கள டாக்டர். வார்ட்டில் அவரைச் சின்ன டொக்டர் என்றார்கள். ஆறு மாதமாகத் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். தெரிந்த சொற்களைப் பெருமையோடு பயன்படுத்துவார். ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அவருடைய மூக்குக் கண்ணாடிவரை போய் வந்தது. பாதத்தைப் பிடித்துச் சடாரென்று மேலே தள்ளினார். பாதம் தையல் மெசின்போல் அடிக்கத் தொடங்கியது. அவர் கையை எடுக்கும்வரை நிற்கவில்லை. கடைசியில் தன் காரின் திறப்பை எடுத்து, உள்ளங்காலின் ஓரமாகக் குதியிலிருந்து விரல்வரை ஒரு கோடு கீறினார். பெருவிரல் மெல்ல, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, மேல்நோக்கி எழுந்தது.

“கீழே மடங்க வேண்டும்,” என்றார் அவர் ஆங்கிலத்தில். “மேலே போகக்கூடாது.”

அந்த விரலை நான் அறுபது வருடமாக நம்பியிருந்தேன்.

பிறகு கழுத்துக்கு எக்ஸ்ரே, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தல், கொழும்புக்குப் போய் முதுகில் மை ஏற்றி இன்னொரு எக்ஸ்ரே, அதனால் வந்த தலையிடி. முடிவில் சொன்னது இது. கழுத்தெலும்பில் வளர்ந்த ஒரு முள் நரம்புத் தண்டை அழுத்துகிறது. வெட்டி எடுக்கும் காலம் போய்விட்டது. வெட்டினால் கையும் போகலாம். இனிச் செய்யக்கூடியது விறைப்பைக் குறைப்பது.

விறைப்பு என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். மூளையிலிருந்து காலுக்குப் போகும் கட்டளைகளில் ‘செய்’ என்பவற்றைவிட ‘செய்யாதே’ என்பவைதான் அதிகமாம். தசை இயல்பிலேயே இறுக விரும்புவது. மேலிடம் ஓயாமல் அதை அடக்கி வைத்திருக்கிறது. நடுவில் கம்பி அறுந்தால் அடக்குவார் இல்லை. கிளைக் கந்தோர் தன் பாட்டுக்கு உத்தரவு போடத் தொடங்குகிறது. இன்னொரு குணமும் உண்டு. காலைச் சடாரென்று மடக்கப் பார்த்தால் அது முழுப் பலத்தோடு எதிர்க்கும். மெல்ல, மிக மெல்ல மடக்கினால் விட்டுக்கொடுக்கும். இப்படிப்பட்ட மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்திருக்கிறேன் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது.

மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து நரம்பு டாக்டர் ஒருவர் வருவார். அவரைப் பெரிய டொக்டர் என்றார்கள். அளந்து பேசும் மனிதர். எனக்கு அவர் ஒளிக்காமல் சொன்னார்.

“உங்கள் கால்கள் பலவீனமானவை. அது உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம் விறைப்பு. நீங்கள் நிற்பது காலில் அல்ல, விறைப்பில். அதை முழுவதும் எடுத்துவிட்டால் ஈரத்துணிபோல விழுவீர்கள். எடுக்காமல் விட்டால் மூட்டுகள் அப்படியே இறுகிவிடும். கொஞ்சமாக எடுக்க வேண்டும். அதுதான் சிரமம்.”

அப்போது இருந்த மாத்திரை விறைப்பைக் குறைக்கும். கூடவே ஆளையும் தூங்க வைக்கும். அதைத்தான் எனக்குத் தந்துகொண்டிருந்தார்கள். நான் வார்ட்டில் சேர்க்கப்பட்டு, பகல் முழுவதும் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். இப்போது ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, அது நரம்புத் தண்டிலேயே வேலை செய்கிறது, ஆளை அவ்வளவு தூங்க வைக்காது, கூட்டிக் குறைத்து அளவு பார்க்கலாம் என்றார். கொழும்பில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனையில் சேருகிறவர்களில் ஒரு பகுதிக்கு உண்மை மாத்திரை. மற்றவர்களுக்கு அதேபோல் தோன்றும் வெறும் மாத்திரை. சோதனை முடிந்தபின் அவர்களுக்கும் உண்மை மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது.

என் உத்தியோக காலம் முழுவதும் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் நடந்த காரியங்கள் பலவற்றைக் கண்டவன் நான். அதையே விதியாக எழுதி வைத்திருந்ததை இங்கேதான் முதலில் கண்டேன்.

“மாத்திரை கிடைக்காவிட்டால்?” என்று கேட்டேன்.

“ஒரு ஊசி இருக்கிறது,” என்றார். “அதை முடிந்தவரை தள்ளிப்போடுவோம்.”

எனக்கு அப்போது பெரிய ஆசைகள் இல்லை. ஒரு பொல்லைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு நானாகப் போய், கதவை நானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அன்றைக்கு அது என்னால் முடிந்தது. அது முடிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

சோதனைக்கு ஆட்களைத் தெரிவு செய்வது பெரிய டொக்டர் அல்ல. அவர் தெரிவு செய்தால் தனக்குப் பிடித்தவரைச் சேர்ப்பார் என்பதற்காகக் கொழும்பில் தனியாக ஒரு அலுவலகம் இருந்தது. இங்கிருந்து நோயின் வரலாறு போகும். அங்கிருந்து ஓம் அல்லது இல்லை வரும்.

அந்த வரலாறு எடுக்கப்பட்ட பகல்பொழுதில் நான் தூக்க மாத்திரையின் கீழ் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். அனுமதிப் பகுதி எழுதுவினைஞர் வந்து எழுப்பிப் பார்த்து, முடியாமல், கட்டிலருகே இருந்த மங்களத்திடம் கேட்டார். அவள் சொன்னாள்:

“இவருக்குக் கால் வலிப்பு. படுத்தாப் போதும், வலிக்கத் தொடங்கும். கரைவலைக் கயிறு மாதிரி வலிச்சு வலிச்சு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டந்திடும்.”

இங்கே வாசகர் கவனிக்க வேண்டும். மங்களத்தின் வீட்டில் வலிப்பது என்றால் இழுப்பது. துடுப்பு வலிப்பார்கள், கயிறு வலிப்பார்கள், காலையில் எழுந்து வலை வலிக்கப் போவார்கள். உடம்பில் வருத்தம் என்றால் அவர்களுக்கு அது நோவு. அவள் சொன்னதில் பிழை ஒரு சொல்லும் இல்லை. அவள் சொன்னதைவிடத் துல்லியமாக எந்த டாக்டரும் என் நோயைச் சொல்லவில்லை.

எழுதுவினைஞர் பட்டணத்தில் பிறந்தவர். தாளின் தலைப்பில் ‘கால்கள்’ என்று ஏற்கனவே இருந்ததால் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதத் தேவையில்லை என்று எண்ணி, “படுக்கையில் வலிப்பு வருகிறது” என்று சுருக்கமாக எழுதிக்கொண்டார். மிகையைத் தவிர்ப்பது நல்ல பழக்கம். பரீட்சைகளில் அதற்குப் புள்ளி கிடைக்கும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தது. முதலில் தெரிய வந்தது கரண்டி.

ஒருநாள் கண்விழித்தபோது என் கட்டில் தலைமாட்டில் ஒரு கரண்டி கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அதன் பிடியைச் சுற்றி வெள்ளைத் துணி தடிப்பாகச் சுற்றியிருந்தது. சூப் ஏதோ வரப்போகிறது என்று இருந்தேன். வரவில்லை. அடுத்த நாள் கட்டிலின் இரு பக்கமும் கம்பிச் சட்டம் ஏறியது. அதற்கடுத்து, தூக்க மாத்திரையோடு கைப்பான இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. கேட்டதற்கு, “டொக்டர் எழுதியிருக்கிறார்” என்றார்கள். அரைத் தூக்கத்தில் இருந்த நான் முழுத் தூக்கத்துக்குப் போனேன்.

பக்கத்துக் கட்டிலில் கிளிவெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். வயல் செய்கிறவர், புளியமரத்தால் விழுந்து முதுகு போனவர். எப்போதும் ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பார். கரண்டியைக் கண்டு அவர்தான் முதலில் கதை கொடுத்தார்.

“என்ன ஐயா, உங்களுக்கும் அந்த ஊசியோ?”

“இல்லை, எனக்கு மாத்திரை வரும்.”

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை.” தன் கால்களைக் காட்டினார். போர்வைக்குக் கீழே இரண்டும் மணல் சாக்குகள்போலக் கிடந்தன. “முந்தி இதுகள் உதையிற உதையில கட்டில் நகரும். இப்ப நல்ல பிள்ளையள். ஒண்டும் கேக்காதுகள்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

பெரிய டொக்டர் அடுத்த முறை வந்தபோது என் கட்டிலில் அதிக நேரம் நிற்கவில்லை. “அவர்கள் உங்களைச் சேர்க்கவில்லை. வருந்துகிறேன்,” என்றார். காரணம் கேட்குமுன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மங்களம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “காரணம் சொல்லாம இல்லை எண்டு சொல்லிறது உங்கட கந்தோர்ப் பழக்கமெல்லோ,” என்றாள். அவள் பயந்திருந்தாள். பயந்தால்தான் அவள் என்னை அப்படிக் குத்துவாள்.

உண்மை வெளிவந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கோப்பைகள் எடுக்கும் நேரத்தில். கிண்ணியாவைச் சேர்ந்த நூர்தீன் எங்கள் வார்ட்டின் சிற்றூழியர். அவர் என் கட்டிலைக் கடக்கும்போது கோப்பை ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் போதும். என் இரண்டு கால்களும் ஒரே வீச்சில் மேலே இழுத்துக்கொண்டு, பாதங்கள் கட்டிற் சட்டத்தில் தந்தி அடிக்கத் தொடங்கின. நூர்தீன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையைக் கழற்றி என் கைக்குள் திணித்தார்.

“ஐயா, இறுக்கிப் புடிங்க. இரும்பு கையில இரிந்தா வலிப்பு நிக்கும்.”

“எனக்கு ஏன் இதைத் தாறீர்?” என்றேன்.

அவர் திகைத்தார். வலிப்பு வந்தவன் கேள்வி கேட்கமாட்டான் அல்லவா?

“ஐயாக்கு வலிப்பு எண்டுதானே போட்டிரிக்கு. நாக்கக் கடிக்காம இரிக்கத்தானே அந்தக் கரண்டி.”

திறப்புகளைக் கையில் வைத்தபடியே நான் சின்ன டொக்டரைக் கூப்பிடச் சொன்னேன். கைப்பு மாத்திரையின் மயக்கத்தையும் மீறி எனக்கு விழிப்பு வந்திருந்தது. அவர் வந்ததும் அன்போடு, தமிழிலேயே கேட்டார்:

“ஐயாவுக்கு வலிப்பு எத்தனை தரம் வந்தது?”

“ஒரு தரமும் வரவில்லை,” என்றேன் ஆங்கிலத்தில். “அந்தச் சொல்லுக்கு நீங்கள் என்ன பொருள் எடுத்தீர்கள்?”

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் எழுதுவினைஞரின் தாளை ஆங்கிலத்துக்கு மாற்றியவர். மற்ற ஒவ்வொரு சொல்லையும் வார்ட்டுத் தாதியான மிஸ்ஸியிடம் கேட்டுத்தான் எழுதினாராம். அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. ‘வலிப்புவ’ என்று அவர்கள் மொழியிலும் இருக்கிறது. சுயநினைவு போய், வாயில் நுரை தள்ளும் நோய். எங்கள் சொல்தான். எந்தக் காலத்திலோ எங்களிடமிருந்து போனது, ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து என் கட்டிலில் கரண்டியாகத் தொங்கியது.

புது மாத்திரை வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அதை அது தூண்டிவிடும். ஆகவே அப்படிப்பட்டவர்களைச் சோதனையில் சேர்ப்பதில்லை. கொழும்பு அலுவலகம் தன் விதிப்படி சரியாகவே நடந்தது. மூலத்தின் பிரதி கூடப் போயிருந்தால் அங்கே தமிழ் தெரிந்த யாராவது தலைப்பிலிருந்த ‘கால்கள்’ என்ற சொல்லில் தடுக்கி நின்றிருக்கலாம். போகவில்லை.

சின்ன டொக்டர் அன்றே கரண்டியைக் கழற்றினார். கைப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று படிப்படியாகக் குறைத்தார். மங்களத்திடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அவள், “உங்களுக்கு எங்கட பாசை தெரியாது, டொக்டர். இவருக்கு என்ர பாசையே இன்னும் முழுசாத் தெரியாது,” என்றாள்.

திருத்தம் கேட்டு நானே எழுதினேன். மூலம், மொழிபெயர்ப்பு, மங்களத்தின் விளக்கம், சின்ன டொக்டரின் உறுதி, எல்லாம் உரிய ஒழுங்கில். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த முறைப்பாடு அது. பெரிய டொக்டரும் ஒரு வரி சேர்த்தார். கொழும்பு அலுவலகத்திலிருந்து ‘கிடைக்கப்பெற்றோம்’ என்றுகூட வரவில்லை.

காத்திருந்த காலத்தில் ஆஸ்பத்திரி எனக்குச் சொல்லித் தந்தது காலை மெல்ல நீட்டும் பயிற்சி. காலையும் பின்னேரமும் தம்பையா சல்லியிலிருந்து சைக்கிளில் வருவான். மீன் வாடையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்று, குதியைப் பிடித்து, மெல்ல மெல்ல இழுப்பான்.

“அத்தான், மூச்சை விடுங்கோ. கடற்கரையில நாங்கள் வலிக்கேக்க அம்பா பாடுறனாங்கள். இஞ்ச பாடினா மிஸ்ஸி கலைச்சுப் போடுவா.”

“உன்ர பாட்டைக் கேட்டா இது இன்னும் இறுகும்,” என்பேன்.

மங்களம் வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டுவருவாள். ஆஸ்பத்திரி இலவசம், அங்கே போய்வருவதும் சாப்பிடுவதும் உயிரோடு இருப்பதும்தான் இலவசமில்லை. அவள் ஒரு காப்பைக் கழற்றியிருந்ததைக் கண்டேன்.

ஆனாலும் கால்கள் வென்றன. இழுத்து நீட்டியது ஒரு மணித்தியாலம் நிற்கும். பிறகு முழங்கால்கள் நெஞ்சை நோக்கி ஏறிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் என் நாரி, இடுப்பின் பின்புறம், துணியில் உரசியது. அங்கே ஒரு சிவப்பு வந்தது, பிறகு கொப்புளம், பிறகு புண். எனக்கு அங்கே உணர்வு குறைவு. ஆகவே அது எவ்வளவு ஆழம் என்பதை மங்களத்தின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். விறைப்பு புண்ணைக் கிளறும். புண் விறைப்பைக் கிளறும். ஒன்றுக்கொன்று உத்தரவு போட்டுக்கொண்டு இரண்டும் வளர்ந்தன. காய்ச்சல் வந்தது. கிளிவெட்டிக்காரரின் கட்டில் ஒரு காலையில் வெறுமையாக இருந்தது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் நூர்தீன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெரிய டொக்டர் வந்து புண்ணைப் பார்த்தார். பிறகு கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தார். டாக்டர்கள் கதிரையில் இருந்தால் செய்தி நல்லதல்ல.

ஊசியைப் பற்றி அவர் விளக்கினார். பீனோல் என்ற மருந்தைக் கனமான பாகில் கலந்து முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் விடுவார்கள். ஆளைச் சரித்துப் படுக்க வைத்தால் அது கால்களுக்குப் போகும் நரம்பு வேர்களில் போய்த் தங்கி, அவற்றைச் சுட்டுவிடும். விறைப்பு போகும். அதோடு வேறும் போகலாம்.

“பீனோல் என்றால் கார்போலிக் அல்லவா?” என்றேன். “கக்கூஸ் கழுவ நான் வருடாவருடம் ஓடர் போட்ட சாமான்.”

“அதுதான்,” என்றார் அவர். சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் நடையின் மறு கோடியில் நூர்தீன் வாளியோடு நின்று அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசனை எங்கள் இருவருக்கும் வந்தது.

மங்களம் சின்ன டொக்டரைப் பார்த்துக் கேட்டாள். “தம்பி, இவர் பிறகு நடப்பாரோ?”

அவர் சொல்லைத் தேடினார். “புண் ஆறும், அம்மா,” என்றார்.

கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய தமிழின் குறை அல்ல அது. அன்றைக்கு அவர் மிகச் சரியான தமிழ் பேசினார்.

நான் ஒப்பமிட்டேன். இடுவதற்குமுன் என் பழக்கப்படி கேட்டேன்: வாசித்துக் காட்டுங்கள், தமிழில் காட்டுங்கள், என் மனைவிக்கு விளங்கும் தமிழில் காட்டுங்கள். ஒரு விதி ஒருமுறையாவது கைக்கொள்ளப்பட்டதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. மிஸ்ஸி வாசித்தார். ‘சிலருக்கு நிரந்தரம், சிலருக்குச் சில மாதங்களில் பழைய நிலை திரும்பலாம்’ என்ற இடத்தில் மங்களம், “அந்த வசனத்தைத் திரும்ப வாசியுங்கோ,” என்றாள்.

ஊசி போனபோது கால்களில் ஒரு சூடு இறங்கியது, வெந்நீரில் நிற்பதுபோல. நல்ல சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறகு சூடு போனது. பிறகு கால்களும் போயின. தம்பையா வந்து குதியைப் பிடித்து, பழக்கத்தில் பலம் கொடுத்து இழுத்தான். கால் எதிர்க்காமல் அவனோடு போனது. அவன் பின்னுக்குத் தள்ளாடிப்போய் நின்றான். அறுந்த கயிற்றின் முனையைப் பிடித்தவன்போல் என் குதியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

புண் ஆறியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்தேன். இப்போது கக்கூசுக்கு என்னைத் தம்பையா தூக்கிக்கொண்டு போகிறான். “சுறாவெல்லாம் தூக்கினனான், அத்தான் என்ன பாரம்,” என்பான். கதவை அவன்தான் சாத்துவான். வெளியே நின்று, எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று உரத்த குரலில் அம்பா பாடுவான். அந்தப் பாட்டைப் பற்றி நான் சொன்னது உண்மை. ஆனால் இப்போது அதைக் கேட்டு இறுகுவதற்கு ஒன்றும் இல்லை.

கார்த்திகை போனது, மார்கழி மழை போனது, தைப்பொங்கல் போனது. பிறகு ஒரு காலை தபால்காரன் நீண்ட கடிதவுறை ஒன்றைக் கொண்டுவந்தான். கொழும்பு அலுவலகத்தின் முத்திரை. நான் அதை மங்களத்துக்கும் தம்பையாவுக்கும் தமிழில் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். ‘வலிப்பு’ என்ற பதிவு தவறென ஏற்றுக்கொள்ளப்பட்டு நீக்கப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம். கால்களில் விறைப்பு தற்போதும் இருக்குமாயின், அதை ஒரு வைத்தியர் உறுதி செய்யும் பட்சத்தில், நோயாளி சோதனையில் சேர்த்துக்கொள்ளப்படுவார்.

“இருக்குமாயின் எண்டா?” என்றான் தம்பையா.

“இருந்தால்.”

ஒருவரும் என் கால்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மங்களத்திடம் அலுமாரித் திறப்பை எடுத்துவரச் சொன்னேன். எங்கே, எப்படிக் கீற வேண்டும் என்று சொன்னேன். குதியிலிருந்து, ஓரமாக, மெல்ல. அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு, மீனுக்குச் செதில் எடுப்பவளின் கவனத்தோடு கீறினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை கீறினாள். கை நின்றது.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “வலிக்குது.”

“மேலையோ, கீழையோ?”

“மேல.”

தம்பையா குனிந்து பார்த்தான். பெருவிரல் மெல்ல, யாருக்கோ பயந்து எழுவதுபோல எழுந்து நின்றது. அந்தச் சனியன் திரும்பி வந்துகொண்டிருந்தது. இழுப்பு வரும், உரசும், புண் வரும். ஆனாலும் அது இல்லாமல் மாத்திரை இல்லை. மாத்திரை வந்தாலும், எனக்கு வருவது முதலில் வெறும் மாவாகவும் இருக்கலாம். புண்ணோ மாத்திரையோ, எது முந்தும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

“அத்தான், இது நல்லதோ கெட்டதோ?” என்றான் தம்பையா. “எந்த முகத்தை வைச்சுக்கொள்ளிறது எண்டு சொல்லுங்கோ.”

நான் கடிதத்தின் மேல் மூலையில், பதில் எழுதுமுன், கந்தோரில் பழகிய கையால், கிடைத்த நாளைக் குறித்தேன்: மாசி மாதம், சிவராத்திரிக்கு முதல் நாள்.